மலையே சாமி!

ஜப்பான் என்றதும் ஞாபகத்துக்கு வருவது உச்சியில் பனி மூடிய ஃபியூஜி மலைதான். உயரம் 3,776 மீட்டர். நம் புவியியல் பாடத்தில் அது ஒரு எரிமலை, அவ்வளவுதான். ஆனா ஜப்பான்காரர்களுக்கு அது சாமி.

ஷின்டோ மதத்தில் தெய்வத்தை 'காமி' என்பார்கள். மரம், அருவி, பாறை, மலை என எதிலும் காமி இருக்கலாம். ஃபியூஜியைக் கும்பிட ஆரம்பித்ததற்குக் காரணம் அழகு மட்டுமில்லை, பயம்! கி.பி. 864-ல் மலை வெடித்து, எரிமலைக் குழம்பு ஒரு பெரிய ஏரியையே பெரும்பாலும் மூடிவிட்டது. மலையின் கோபத்தைத் தணிக்க, மறுவருடமே வடக்குப் பக்கத்திலும் கோவில் அமைக்கச் சொன்னது அரசாங்கம். கடைசியாக வெடித்தது 1707-ல். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்றைய டோக்கியோவில்கூட சாம்பல் கொட்டியதாம்.

இந்த மலைக்கான கோவில்களுக்கு 'செங்கென்' என்று பெயர். ஜப்பான் முழுக்க சுமார் 1,300 இருக்கின்றன. சாமி ஒரு பெண் தெய்வம், பெயர் கொனோஹனசகுயா ஹிமே. (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்க!) மலர் போல அழகானவள். கல்யாணமான மறுநாளே கர்ப்பம் என்றதும் கணவன் சந்தேகப்பட்டான். அவள் ஒரு குடிசைக்குள் போய்த் தீ வைத்துக்கொண்டு, நெருப்புக்கு நடுவிலேயே மூன்று பிள்ளைகளைப் பெற்றாளாம். நம்ம சீதை தீக்குளித்த கதை மாதிரியே இருக்கு இல்லையா? நெருப்பையே ஜெயித்தவள் எரிமலையையும் அடக்குவாள் என்பது நம்பிக்கை.

தலைமைக் கோவில் ஃபியூஜினோமியா ஊரில் இருக்கிறது. இரண்டு மாடி வைத்த அதன் கருவறைக் கட்டடத்தை 1604-ல் கட்டிக் கொடுத்தவர் தொகுகாவா இயெயாசு. பக்கத்திலேயே ஒரு குளம். மலைமேல் உருகும் பனி பூமிக்குள் இறங்கி இங்கே ஊற்றாக வருகிறது. தண்ணீர் வருஷம் பூரா ஜில்லென்று இருக்கும். அந்தக் காலத்தில் இதில் குளித்துவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். இன்னொரு ஆச்சரியம், எட்டாவது நிலையத்துக்கு மேலே மலையின் பெரும்பகுதி இந்தக் கோவிலுக்குச் சொந்தம்! உச்ச நீதிமன்றம் 1974-ல் தீர்ப்புச் சொல்லியும், நிலம் கைக்கு வந்தது 2004-ல்தான்.

ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவே இல்லை. சாமி பெண், ஆனால் பெண்கள் உச்சிக்கு ஏறக்கூடாது! தீட்டு என்று சொல்லிப் பல நூறு வருடங்கள் தடுத்தார்கள். 1832-ல் தகயாமா தாட்சு என்ற பெண், கூட்டம் இல்லாத காலமாகப் பார்த்து, ஆண் வேஷம் போட்டு உச்சிவரை ஏறிவிட்டார். அவரை அழைத்துப் போனவர்களும் ஃபியூஜி பக்தர்களே. அரசாங்கம் தடையை நீக்க இன்னும் 40 வருடம் ஆனது.