பழைய மடக்குக்கத்திக்கு மறுவாழ்வு

மலாய் மொழியில் ‘சுங்கை’ என்றால் ஆறு. ‘பினாங்’ என்றால் பாக்கு. பாக்கின் பெயரைத் தாங்கிய இந்த ஆறு ஜார்ஜ் டவுனின் தென்பகுதி வழியே ஓடிக் கடலில் கலக்கிறது. ஆற்றின் பெயரே அதன் கரையிலுள்ள குடியிருப்புக்கும் வழங்குகிறது. அதே நகரில், சிட்டி ஸ்டேடியம் விளையாட்டரங்கின் அருகே, லோரோங் குலிட் பழம்பொருள் சந்தை காலை வேளையில் கூடுகிறது. முன்பு பிந்தால் தாலி சாலையில் கடை விரித்த வணிகர்கள் பின்னர் இங்கு இடம்பெயர்ந்தனர். நின்றுபோன கடிகாரங்கள், பழைய நாணயங்கள், இசைத்தட்டுகள் ஆகியவற்றோடு துருவேறிய மடக்குக்கத்திகளும் இத்தகைய சந்தைகளில் கிடைப்பதுண்டு. அவற்றை வாங்கிச் சென்று வீட்டிலேயே சீர்செய்வதைச் சிலர் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர்.

சிறிய மடக்குக்கத்திக்குப் ‘பேனாக்கத்தி’ என்ற பெயரும் உண்டு. இறகால் எழுதிய காலத்தில் அந்த இறகின் முனையைச் சீவப் பயன்பட்டதால் வந்த பெயர் அது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இக்கத்திகளுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் கத்திகளில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1891ஆம் ஆண்டு தம் நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். இவையெல்லாம் கரிம எஃகால் ஆனவை. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருவேறாத எஃகை உருவாக்கியது 1913ஆம் ஆண்டில்தான். ஆகவே, பழைய கத்தி என்றாலே துருவும் கூடவே வரும்.

கத்தி கைக்கு வந்ததும் தேய்க்கத் தொடங்கிவிடக் கூடாது. முதலில் அதனை வாசிக்க வேண்டும். அலகின் அடிப்பகுதியில், பிடியை ஒட்டிய இடத்தில், செய்தவரின் முத்திரை மங்கலாகத் தெரியலாம். எந்த ஊர், எந்த நிறுவனம், ஏறத்தாழ எந்தக் காலம் என்பதைச் சொல்லக்கூடிய சான்று அது ஒன்றே. உப்புத்தாளால் நாலு முறை அழுத்தித் தேய்த்தால் அது அழிந்துபோகும். பிறகு எவராலும் மீட்க முடியாது.

அலகில் தெரியும் கறை எல்லாம் துரு அன்று. செந்நிறமாகப் பொருபொருவென உதிர்வது துரு. அது இரும்பைத் தின்றுகொண்டே போகும். சாம்பல் அல்லது கருநிறத்தில் வழவழப்பாகப் படிந்திருப்பது வேறு. பல ஆண்டுகள் பழங்களையும் காய்களையும் நறுக்கியதால் வந்த படலம் அது. துரு பரவுவதை ஓரளவு தடுக்கவும் செய்கிறது. அனுபவம் உள்ளவர்கள் முன்னதை நீக்கிப் பின்னதை விட்டுவிடுவார்கள். புத்தம்புதிதாகப் பளபளக்க வேண்டுமென்றால் புதுக்கத்தியே வாங்கிவிடலாமே!

துருவின்மேல் எண்ணெய் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, மிக மெல்லிய எஃகு இழையால் மெதுவாகத் தேய்ப்பதே பாதுகாப்பான முறை. பித்தளைத் துண்டாலும் சுரண்டலாம். பித்தளை எஃகைவிட மென்மையானது என்பதால் அலகில் கீறல் விழாது. வினிகரில் ஊறவைப்பது விரைவான வழிதான். ஆனால், மறந்துபோய் நெடுநேரம் விட்டுவிட்டால் அது நல்ல எஃகையும் அரிக்கும். எலும்பாலான பிடியையும் கெடுக்கும். மின்சாரச் சாணைச் சக்கரமோ இன்னும் ஆபத்தானது. உரசும் சூட்டில் மெல்லிய விளிம்பு நீலநிறமாக மாறினால், அந்த இடம் ஏறக்குறைய 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்று பொருள். அதன்பின் அங்கே கடினத்தன்மை குறைந்துவிடும். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிலைக்காது.

மூட்டில் சேர்ந்த அழுக்கைப் பல்குத்தும் குச்சியாலும் பழைய பல்துலக்கியாலும் எடுத்துவிட்டு, ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விட்டால் போதும். மடங்க மறுத்த அலகு மெல்ல இளகும். தேங்காய் எண்ணெய் வேண்டா. அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைக்கும். தீட்டுக்கல்லில் அலகின் ஒவ்வொரு பக்கத்தையும் ஏறத்தாழ 20 பாகைக் கோணத்தில் வைத்து, அக்கோணம் மாறாமல் தீட்ட வேண்டும். இது கைக்குப் பழக நாளாகும். கூரிய அலகைக் கையாளும் இவ்வேலையை மாணவர்கள் பெரியவர்களின் துணையின்றிச் செய்யக் கூடாது.

கடற்காற்றில் உப்பும் ஈரமும் மிகுந்த பினாங்கில், துடைக்காமல் வைத்த கரிம எஃகில் விரைவிலேயே செம்புள்ளிகள் தோன்றும். தோலுறையும் ஈரத்தை உறிஞ்சிவைக்கும். எனவே, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி, உறையின்றி வைப்பதே நல்லது.

வைக்கும் இடமும் வீடாகவே இருக்க வேண்டும். தகுந்த காரணமின்றித் தாக்கும் ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பதை மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. சட்டைப்பையில் கிடக்கும் கத்தி தாத்தாவுடையது, தாமே சீர்செய்தது என்பதெல்லாம் காவல் துறையினரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய செய்திகளாகிவிடும். சீர்பெற்ற கத்திக்கு வீட்டிலேயே வேலை இருக்கிறது: கொய்யாவை நறுக்கலாம், பொட்டலக் கயிற்றை அறுக்கலாம், பென்சிலும் சீவலாம்.