ககுராசாகா: தோக்கியோவில் ஒரு மேட்டுத் தெரு

தோக்கியோ என்றதும் வானளாவிய மாடங்களும் விரைவு இரயில்களுமே உங்கள் மனக்கண்ணில் தோன்றும். அந்நகரின் ஷின்ஜுக்கு வட்டாரத்திலுள்ள ககுராசாகா அத்தகையதன்று. பழைய எதோ கோட்டையின் வெளி அகழியிலிருந்து மேலேறிச் செல்லும் சரிவான தெரு அது. 'ககுரா' என்பது ஷிந்தோ வழிபாட்டு இசையும் கூத்தும். 'சாகா' என்பது சரிவு. இத்தெருவில் வாகனங்கள் காலையில் மேலிருந்து கீழாகவும், பிற்பகலில் கீழிருந்து மேலாகவும் ஒருவழியாகச் செல்லுகின்றன. வேறெங்கும் எளிதில் காணவியலாத விந்தை இது!

தெருவின் நடுவே செங்கோகுஜி என்னும் பௌத்தக் கோயில் உண்டு. 1595இல் நிறுவப்பெற்று, பிற்காலத்தில் இவ்விடம் வந்தது. அங்கே வழிபடப்பெறும் பிஷாமொன்தென் வேறு யாருமல்லர். நாம் குபேரன் என்றழைக்கும் வைசிரவணனே. வாயிலில் கற்புலிகள் காவல் இருக்கின்றன.

தெருவின் இருமருங்கிலும் கல் பாவிய சந்துகள் கிளைக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'கண்ணாமூச்சிச் சந்து' என்று பொருள்படும். முன்னே செல்பவர் வளைவில் மறைந்துவிட்டால் பின்தொடர்பவர் கண்டுபிடிப்பது அரிதாம். கெய்ஷா எனப்படும் ஆடல் பாடல் மங்கையர் விருந்தினரை மகிழ்வித்த இல்லங்கள் இங்கேதான் இருந்தன; சில இன்றும் உள்ளன. 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் இப்பகுதி எரிந்தது. ஆயினும் மக்கள் பழைய சந்துகளின் போக்கிலேயே வீடுகளை மீண்டும் எழுப்பினர்.

இத்தகைய இடத்திற்குப் பிரெஞ்சு உணவு வந்தது எங்ஙனம்? 1952இல் அருகே பிரெஞ்சு மொழிக் கல்வி நிலையம் ஒன்று திறக்கப்பெற்றது. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கான பள்ளியும் 2012 வரை பக்கத்தில் இயங்கியது. ஆசிரியர்களும் குடும்பங்களும் குடியேறினர். அவர்களைத் தொடர்ந்து ரொட்டிக் கடைகளும் உணவகங்களும் பழைய மரவீடுகளில் இடம்பிடித்தன. மொழி வந்த வழியே உணவும் வந்தது என்பது என் கருத்து.

1996இல் இங்குத் திறக்கப்பெற்ற ஒரு கடை, பிரான்சின் பிரித்தானி மாநிலத்து 'கலெட்' என்னும் பண்டத்தை விற்றது. பக்வீட் மாவை நீரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சூடான இரும்புத் தட்டில் நம் தோசைபோல் மெல்லியதாகப் பரப்புவர். முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்து, நான்கு ஓரங்களையும் மடித்துச் சதுரமாக்குவர். வளமற்ற மண்ணிலும் குளிர்ச்சியிலும் விளையும் அந்த முக்கோண விதை, பிரித்தானியின் ஏழை உழவர்க்கு உணவாயிற்று.

ஜப்பானியரோ அதே மாவைப் பிசைந்து, உருட்டித் தேய்த்து, நூல்போல் நறுக்கி, 'சோபா' என்றுண்கின்றனர். பக்வீட்டில் கோதுமையின் பசைத்தன்மை இல்லாமையால் இழைகள் அறுந்துபோகும். ஆதலால் எட்டுப் பங்குக்கு இரண்டு பங்கு கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். வெந்த நீரையும் வீணாக்குவதில்லை. உண்டு முடித்தபின், எஞ்சிய குழம்பில் அதை ஊற்றிப் பருகுகின்றனர். விருந்தாளி கொண்டுவந்த தானியம் விருந்தளித்தவர் வீட்டிலேயே பன்னெடுங்காலமாக இருந்திருக்கிறது!

ககுராசாகாவாசிகள் அயல் உணவகங்களை வரவேற்றனர். உயர்ந்த அடுக்குமாடிகளை அவ்வாறு வரவேற்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் அத்தகைய ஒன்று திட்டமிடப்பெற்றபோது குடியிருப்போர் எதிர்த்தனர். கட்டடம் எழுந்தே விட்டது. எனினும் கண்ணாமூச்சிச் சந்து இன்றும் அங்கே வளைந்துதான் செல்லுகிறது.