இரண்டு ஊர், இரண்டு சட்ட முறை: உயில் செல்லுமா?

பெண்ணாடத்தில் பஸ் ஏறி விருத்தாசலம், கடலூர் தாண்டினால் புதுச்சேரி. பேசுகிற மொழி ஒன்றுதான். பெண் கொடுத்து, பெண் எடுப்பதும் சகஜம். ஆனால் "அப்பா எழுதின உயில் செல்லுமா?" என்று கேட்டால், இரண்டு ஊரிலும் ஒரே பதில் வராமல் போகலாம். சட்டம் படிக்கப் போகிறவரும், புதுச்சேரியில் சம்பந்தம் செய்தவரும் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

'சிவில் லா' என்றால் என்ன?

நம்ம கோர்ட்டில் 'சிவில்' என்றால் கிரிமினல் அல்லாத வழக்கு. உலக அளவில் இதற்கு இன்னொரு பொருள் உண்டு. ரோமானியச் சட்டத்தில் வேர்விட்டு, சட்டத் தொகுப்பு நூலை அடிப்படையாகக் கொண்ட முறைக்கும் அதே பெயர்தான். 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் கோடு இதற்குப் பெயர்போன உதாரணம். தீர்ப்பு வழியாக நீதிபதி பொது விதி வகுப்பதை அதன் 5-ஆம் பிரிவு தடுக்கிறது.

இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்தது 'காமன் லா'. எழுதப்பட்ட சட்டங்களோடு முன்தீர்ப்புக்கும் இங்கே பலம் உண்டு. உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்பின் 141-ஆம் பிரிவு.

புதுச்சேரியில் மட்டும் ஏன்?

பிரெஞ்சுத் தொகுப்புகள் 1819-ல் அங்கே அமலுக்கு வந்தன. 1881 ஆணைப்படி, தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து சிவில் கோடை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். பிறகு இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கும் விரிந்தது. ஆனால் ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று சட்டத்திலேயே விலக்கு உள்ளது.

ஒரு கணக்கு

பெண்ணாடத்தில் இந்து ஒருவர், தான் சம்பாதித்து வாங்கிய 8 ஏக்கரையும் மகனுக்கே உயில் எழுதுகிறார். இரண்டு மகள்களுக்கு எதுவுமில்லை. முறைப்படி எழுதியிருந்தால் அந்த உயில் செல்லும்.

புதுச்சேரியில் ரெனோன்சான் ஒருவர் இதையே செய்தால்? மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் இருந்தால், சிவில் கோடுப்படி கால் பங்கை மட்டுமே விருப்பம்போல் கொடுக்கலாம். அதாவது 2 ஏக்கர். மீதி 6 ஏக்கரில் ஆண், பெண் பேதமின்றி ஆளுக்கு 2 ஏக்கர். "உயில்ல நம்ம பேர் இல்லையே" என்று மகள் பேசாமல் ஒதுங்கினால், 2 ஏக்கர் கைவிட்டுப் போகும்.

சட்டம் படிப்பவர்களுக்கு

புதுச்சேரியின் இன்றைய டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, 1838-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய சட்டப் பள்ளியின் தொடர்ச்சி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இரண்டு முறைகளையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். நீங்கள் எங்கே படித்தாலும் ஒரே கேள்வியை இரண்டு வழியிலும் தேடிப் பழகுங்கள். சிவில் முறையில் முதலில் தொகுப்பின் பிரிவைப் பாருங்கள். காமன் லாவில் சட்டப் பிரிவோடு, அதற்கு நீதிமன்றம் சொன்ன பொருளையும் தேடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

1. முன்னோர் யாராவது 1881 ஆணைப்படி வழக்கச் சட்டத்தைத் துறந்தார்களா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய பத்திரங்களையும் பாருங்கள்.

2. நிலத்தின் வில்லங்கச் சான்று எடுங்கள்.

3. எந்தச் சட்டம் பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேட்காமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. செல்போனில் 15100-ஐ அழைத்தால் இலவசச் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். பெண்களுக்கு இந்த உதவி பெற வருமான வரம்பு கிடையாது.