அருவியும் பழத்தோட்டமும்

கேள்வி: நார்வேயின் ஹார்டாங்கர் போல அருவியும் பழத்தோட்டமும் சேர்ந்த இடம் தமிழ்நாட்டில் உண்டா? – வாசகர், திருப்பூர்

பதில்: ஹார்டாங்கரில் கடல் சுமார் 179 கி.மீ. மலைகளுக்குள் புகுந்திருக்கிறது, மே மாதம் அதன் கரையெங்கும் ஆப்பிள் மரங்கள் பூக்கும். தமிழ்நாட்டில் அப்படிக் கடல் நுழைந்த பள்ளத்தாக்கு கிடையாது. ஆனால் அருவியும் பழமும் சேரும் இடம் உண்டு: தென்காசி மாவட்டத்துக் குற்றாலம்.

தென்மேற்குப் பருவமழை செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலாக வரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். பேரருவியின் நீர் நேரே தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து பொங்கி வழிகிறது. இல்லாவிட்டால் அதன் அடியில் யாரும் நிற்க முடியாது. ஐந்தருவிக்கு மேலே அரசுத் தோட்டக்கலைப் பண்ணைக்குள் ஓர் அருவி. பெயரே பழத்தோட்ட அருவி. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் பழங்கள் சீசனில் கடைவீதியெங்கும் குவியும். முள்தோல் பிளந்த துரியனின் வாடை தூரத்திலேயே தெரியும்.

உங்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறுதான் விடுமுறை. குற்றாலத்தில் நெரிசலும் அன்றுதான். வார நாளில் செல்வதே நல்லது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஓர் உயிரைப் பறித்தது. மலைமேல் மழை பெய்து குளிக்கத் தடை விதித்தால், மீறி இறங்கவே கூடாது.