ட்ரோன் கேமரா வாங்கும் முன் ஒரு கணக்கு



நமது டிரஸ்டுக்கு வரும் சுயதொழில் கடன் மனுக்களில் முன்பெல்லாம் தையல் மிஷினும் தள்ளுவண்டியும்தான் இருக்கும். இப்போது ட்ரோன் கேமராவும் சேர்ந்திருக்கிறது. சென்ற மாதம் மனு கொடுத்த தம்பி ஒருவர் நிக்காஹ் வீடுகளில் போட்டோ எடுப்பவர். '4கே' என்று பெட்டியில் அச்சிட்ட ட்ரோனை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கி, மூன்றாம் நாளே காற்றில் பறிகொடுத்துவிட்டார். இந்த முறை தாயாரின் நகையை விற்று, மீதிக்குக் கடன் பெற்று, பெரிய ட்ரோனாகவே வாங்கிவிட எண்ணியிருந்தார். அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கு மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

1. எடை

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளது நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவை இயக்க பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைச் சொந்த விருப்பத்துக்குப் பறக்கவிட்டாலும் தேவையில்லை. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு மைக்ரோவில் படம் எடுப்பவருக்குச் சான்றிதழ் கட்டாயம். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 வயது, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி ஆகியவை வேண்டும். பயிற்சிக் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பார்த்தால், புதிதாகத் தொழிலில் இறங்குபவருக்கு நானோவே கைக்கு அடக்கமானது. ஒரு எச்சரிக்கை: பேட்டரியும் எடையில் சேரும். பெரிய பேட்டரியோ இறக்கைக் காப்போ மாட்டினால் 250 கிராமைத் தாண்டிவிடலாம்.

2. பில்

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அதனால் வெளிநாட்டுப் பெயர் பெற்ற ட்ரோனைப் பில் இல்லாமல் மலிவாகத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். பழுதானால் பார்க்க ஆள் இருக்காது, உதிரி பாகமும் எளிதில் கிடைக்காது. ட்ரோனைப் பதிவு செய்து அடையாள எண் பெற வேண்டும் என்பதும் விதி. பழையதை வாங்கினால் பேட்டரி உப்பியிருக்கிறதா, நான்கு மோட்டார்களும் ஒரே சீராகச் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். பறக்கவிட்டுக் காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

3. கேமரா

'4கே' என்ற எழுத்தை நம்ப வேண்டாம். விளையாட்டு ட்ரோன்கள் பலவும் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கி அப்படிச் சொல்கின்றன. சென்சாரின் அளவைக் கேளுங்கள். 1/2.3 அங்குலத்தை விட 1/1.3 அங்குலம் பெரியது. மாலை வெளிச்சத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதைவிட முக்கியம், மூன்று அச்சு கிம்பல். காற்றில் ட்ரோன் ஆடினாலும் கேமராவை ஆடாமல் தாங்கும் கருவி அது. இதோடு ஜிபிஎஸ், சிக்னல் அறுந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வசதி, பிரஷ்லெஸ் மோட்டார் மூன்றும் வேண்டும். தம்பி பறிகொடுத்த ட்ரோனில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

4. பேட்டரி

பெட்டியில் 30 நிமிடம் என்றிருந்தால் காற்றில்லாத நிலையில் எடுத்த அளவு என்று கொள்ளுங்கள். கால் பங்கு சார்ஜ் மிச்சமிருக்கும்போதே இறக்கிவிட வேண்டும் என்பதால் வேலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 20 நிமிடமே. ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று பேட்டரிகளாவது தேவைப்படும். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 750 எம்பி, 20 நிமிடத்துக்கு 15 ஜிபி ஆகும். பேட்டரி, மெமரி கார்டு, உபரி இறக்கைகள் எல்லாம் சேர்ந்ததுதான் ட்ரோனின் உண்மையான விலை.

5. இடம்

அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதியும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். நானோவுக்கும் இதில் விலக்கில்லை. ஆகவே உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வரைபடத்தில் இல்லாத ஒரு எல்லையும் உண்டு. கல்யாண வீட்டின் மேலே பறக்கும் கேமராவுக்குள் பக்கத்து வீட்டு மாடியும் விழும். அங்கே பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். முன்கூட்டியே அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். தப்பிப் பதிவானதை அழித்துவிடுங்கள். பிறர் வீட்டு மானம் நம் கையில் உள்ள அமானிதம்.

கடைசியாகத் தம்பியிடம் ஒன்று கேட்டேன்: "போன வருஷம் எத்தனை வீட்டில் ட்ரோன் வேண்டும் என்று கேட்டார்கள்?" எண்ணிப் பார்த்தார். பதினான்கில் நான்கு வீடு. நான்கு நாள் வேலைக்காகத் தாயாரின் நகை போக வேண்டுமா? இப்போதைக்கு ட்ரோன் வைத்திருப்பவரை நாள் வாடகைக்கு அழைத்துக்கொள்கிறார். கூடவே நின்று கற்றும் கொள்கிறார். கேட்கும் வீடுகள் கூடினால் நானோ வாங்க மறுபடி மனு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ட்ரோனுக்காக மனு கொடுக்க வருபவர்கள் மூன்றைக் கொண்டுவாருங்கள்: கடந்த ஆண்டு உங்களிடம் ட்ரோன் கேட்டவர்களின் கணக்கு, பேட்டரி முதலியவை சேர்ந்த கடை விலைப்பட்டியல், உங்கள் ஊர் எந்த நிறப் பகுதி என்ற விவரம். மீதியை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்