ஓடாத டயரும் முதுமையடையும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்மேற்கே, அரிஸோனா மாநிலத்தின் பாலைநிலத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோடையில் வெறிச்சோடிக் கிடக்கும் அவ்வூர் குளிர்காலத்தில் ஒரு நகரமாகவே மாறிவிடுகிறது. வடக்கேயுள்ள மாநிலங்களில் பனி கொட்டத் தொடங்கியதும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியோர் பலர் தம் வீட்டையே ஓட்டிக்கொண்டு அங்கு வந்து சேருகின்றனர். சமையலறை, படுக்கை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி யாவும் அடங்கிய இவ்வாகனத்திற்கு 'மோட்டார் வீடு' என்று பெயர். பெரிய மோட்டார் வீடு ஒன்று பஸ்ஸின் உருவமும் 10 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. முன்னச்சில் இரண்டு, பின்னச்சில் பக்கத்திற்கு இரண்டு வீதம் நான்கு, ஆக ஆறு டயர்கள் அதைத் தாங்குகின்றன. இவை லாரிகளுக்கும் பஸ்களுக்கும் உரிய வகையைச் சேர்ந்த டயர்களே.

டயர் ஒரே வகையாயினும், அது வாழும் வாழ்க்கை வேறு. லாரி நாள்தோறும் ஓடுகிறது. அதன் டயர் தேய்ந்தே மடிகிறது. மோட்டார் வீடோ ஆண்டில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டு, எஞ்சிய மாதங்களில் ஒரே இடத்தில் நிற்கிறது. ஏழெட்டு ஆண்டுகள் சென்ற பின்னும் அதன் டயரிலுள்ள வரிப்பள்ளங்கள், அதாவது ஒர்க்‌ஷாப்புகளில் 'பட்டன்' என்று வழங்கப்படுபவை, ஆழம் குறையாமல் இருக்கும். சொந்தக்காரர் குனிந்து பார்த்து, "டயர் புதிது போலவே இருக்கிறது" என்று திருப்தி கொள்கிறார். அபாயத்திற்கு வித்து அந்தத் திருப்தியிலேயே இருக்கிறது.

மேசை இழுப்பறையில் மறந்து போட்ட ரப்பர் வளையம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்குப் பின் எடுத்து இழுத்தால் அது அறுந்து விழும். எவரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் அது கெட்டுவிட்டது. டயரிலும் இதுவே நிகழ்கிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். கந்தகம், ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஆனால் அச்சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் பல மீதமிருக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓஸோனும் தாக்குவது அவ்விடங்களையே.

இவ்விரண்டும் தாக்கும் விதம் வெவ்வேறு. ஓஸோன் மேற்பரப்போடு நின்று, இழுபட்டு நிற்கும் ரப்பரை மட்டுமே பிளக்கிறது. இழுவைக்குக் குறுக்கே வெடிப்புகள் தோன்றுகின்றன. காற்றில் பத்துக் கோடிப் பங்குக்குச் சில பங்கு ஓஸோன் இருந்தாலே இதற்குப் போதும். 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்த விஞ்ஞானி ஹாகன்-ஸ்மிட், ரப்பர்த் துண்டுகளை வளைத்துக் கட்டிவைத்து, அவை வெடிப்பதைக் கொண்டே அங்குள்ள ஓஸோனை அளந்தார். வெடிப்பைத் தடுக்கும் பொருட்டு டயர் ரப்பரில் மெழுகும் சில இரசாயனப் பொருள்களும் கலக்கப்படுகின்றன. டயர் உருளும்போது நெளிந்து நெளிந்து இவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு காப்புப் படலமாகப் படிகின்றன. நின்றுகொண்டே இருக்கும் டயரில் இக்கசிவு குறைந்துவிடுகிறது. பளபளப்புக்காகப் பெட்ரோலியக் கலப்புள்ள பாலிஷைப் பூசினால், உள்ள படலமும் கரைந்து போகிறது. (இக்காப்புப் பொருள்களுள் ஒன்று தேய்மானத் தூளோடு ஓடைகளில் கலந்து, அங்கே உருமாறிக் கோஹோ சாமன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் தெரியவந்தது. அதற்கு மாற்று தேடும் முயற்சி இப்போது நடைபெறுகிறது.)

ஓஸோனின் வேலை பக்கச்சுவரில் வெடிப்பாகக் கண்ணுக்குப் புலப்படும். பிராணவாயுவின் வேலையோ புலப்படாது. டயரினுள் அழுத்தத்துடன் அடைபட்ட காற்று, சுவரினூடே மெல்ல மெல்ல வெளியேற முயல்கிறது. அதிலுள்ள பிராணவாயு வழிநெடுக ரப்பரோடு கூடி, அதைக் கடினமாக்கி, நெகிழ்வை இழக்கச் செய்கிறது. எஃகுக் கம்பிப் பட்டைகளின் ஓரங்களில் அவற்றை ஒட்டிவைத்திருக்கும் ரப்பரே இதனால் மிகுந்த தீங்கடைகிறது. ஒட்டு தளர்ந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் மேற்பட்டை உரிந்து பறந்துவிடும். உஷ்ணம் 10 டிகிரி ஏறுந்தோறும் இத்தகைய இரசாயன மாறுதலின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே வெப்பப் பிரதேசத்து டயர் விரைவில் முதுமையடைகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2000ஆம் ஆண்டில் மேற்பட்டை உரிந்த விபத்துகளின் காரணமாக, அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களிலேயே அவ்விபத்துகள் மிகுதியாக நேர்ந்திருந்தன. அதன்பின் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை, அரிஸோனாவின் தலைநகரான ஃபீனிக்ஸில் ஓடிக்கொண்டிருந்த கார்களின் டயர்களைச் சேகரித்து அறுத்துச் சோதித்தது. வயது ஏற ஏற உள் ரப்பரின் வலிமை குன்றுவது தெளிவாயிற்று. காரின் பின்னே ஓடாமலே தொங்கிக்கொண்டிருந்த மாற்று டயர்களும் இதற்கு விலக்கல்ல என்பதே கவனிக்கத்தக்கது.

எனவே டயரின் வயதை முகம் பார்த்துச் சொல்ல இயலாது. பிறந்த தேதியைப் படித்தே அறிதல் வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் உருவானது என்பது பொருள். கடையில் 'புதிது' என்று விற்கப்படும் டயரிலும் இதைப் படித்துவிட்டே பணம் கொடுத்தல் நன்று. குறியீடு ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கலாம் என்பதால், இரட்டைச் சக்கரங்களில் அது உட்புறமாகத் திரும்பியிருக்கக்கூடும். அப்போது வண்டியின் அடியில் விளக்கும் கண்ணாடியும் கொண்டு தேட நேரிடும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரைக் கொண்டு சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுகளுக்கு மேல் எக்காரணத்தாலும் ஓட்டலாகாது என்பது டயர் உற்பத்தியாளர் சிலரின் அறிவுரை. கார் உற்பத்தியாளர் சிலர் ஆறாண்டையே எல்லையாகச் சொல்கின்றனர். வெயிலில் நிற்கும் கனமான வண்டிக்குக் குறைந்த எல்லையே ஏற்றது.

ஆறு டயரும் ஒரே சமயத்தில் வாங்குவதென்றால் செலவு பெரிது. ஆதலால் பலர், பழைய முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி நிம்மதி தேடுகின்றனர். இடமாற்றம் தேய்மானத்தைச் சமன்படுத்தும். கழிந்த ஆண்டுகளை அது திருப்பித் தராது. ஒன்பதாண்டு டயர் எங்கே பூட்டப்பட்டாலும் ஒன்பதாண்டு டயரே. அதை முன்னே கொண்டுவருவதோ மிகத் தவறு. எடுத்துக்காட்டாக, 12 டன் வண்டியில் முன்னச்சின் மீது 4½ டன் இருக்குமாயின், முன் டயர் ஒவ்வொன்றும் 2¼ டன் சுமக்கிறது. பின் டயர் சுமப்பது 2 டன்னுக்கும் குறைவு. முன்னே ஒன்று வெடித்தால் தாங்குவதற்குத் துணை டயர் இல்லை. ஸ்டியரிங் ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுக்கும். அந்நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், வண்டியை நேராகப் பிடித்து, வேகத்தைத் தானே தணியவிடுதல் வேண்டும். எழுபது வயதுக் கைகளுக்கு இது எளிதன்று.

தேய்மானத்தோடு வயதையும் கவனிக்கும் சுழற்சி முறை ஒன்றும் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டே டயர்கள் வாங்கி முன்னே பூட்டுவர். அங்கிருந்த ஜோடி பின்னே ஒரு பக்கத்துக்குப் போகும். அப்பக்கத்திலிருந்த ஜோடி கழிக்கப்படும். அடுத்த முறை மறுபக்கம். இவ்வாறு ஒவ்வொரு ஜோடியும் முன்னே இரண்டாண்டும் பின்னே நான்காண்டும் உழைத்து, ஆறாவது ஆண்டில் ஓய்வு பெறுகிறது. எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு டயர் பொருந்தும் வண்டிக்கே இது பயன்படும். வெளிச்சக்கரத்துக்கு அலுமினிய ரிம்மும் உட்சக்கரத்துக்கு எஃகு ரிம்மும் இருக்குமானால், ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டும் கூலியும் சேரும்.

ஜோடியைப் பிரிக்காமல் வைப்பதற்குக் காரணம் உண்டு. இரட்டைச் சக்கரங்கள் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. ஒன்று சுற்றும்போது மற்றதும் அதே அளவு சுற்றியாக வேண்டும். ஒன்றின் விட்டம் 1,000 மில்லிமீட்டர், மற்றதன் விட்டம் 994 என்று கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 318 சுற்றுகளில் சிறியது 6 மீட்டர் பின்தங்கிவிடும். அந்த 6 மீட்டரையும் அது தரையில் உராய்ந்தே ஈடுசெய்கிறது. சுமையின் பெரும்பங்கோ பெரிய டயரின் தலையில் விழுகிறது. சூடேறி அது வெடித்தால், சிதறும் துண்டுகள் மேலேயுள்ள தண்ணீர்க் குழாய்களையும் எரிவாயுக் குழாயையும் கிழித்துவிடக் கூடும். காற்றழுத்தம் குறைந்தாலும் இதே கதிதான். மாதக்கணக்கில் நின்ற வண்டியைக் கிளப்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தை அளக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பதை, வண்டியில் எல்லாச் சாமான்களையும் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் தனித்தனியே நிறுத்தபின் தீர்மானிப்பதே முறை. சமையலறை இருக்கும் பக்கம் பெரும்பாலும் கனத்திருக்கும்.

நிறுத்திவைக்கும் காலத்தில் சக்கரங்களுக்கு வெள்ளைத் துணியுறை போடுவது வெயிலையும் சூட்டையும் குறைக்கும். புதிய டயர்கள் பூட்டிய பின் 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரத் திருகுகளை மறுபடி ஒருமுறை உரிய அளவுக்கு முறுக்கிப் பார்க்க வேண்டும்.