வாலிபரோடு வழிநடப்போம்



உறுதிபூசுதல் பெற்ற பிள்ளை சில ஆண்டுகளில் ஞாயிறு பூசைக்கு வராமல் நின்றுவிடுகிறான். "காலம் கெட்டுவிட்டது" என்கிறோம். அவனிடம் காரணம் கேட்டோமா?

எருசலேமை விட்டு எம்மாவுஸ் சென்ற சீடர் இருவரோடு இயேசு உடன் நடந்தார், கேள்வி கேட்டார், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை செவிமடுத்தார். கண்டிப்பும் விளக்கமும் அதன் பின்னரே வந்தன (லூக். 24). 2018இல் வாலிபரைக் குறித்து உரோமையில் கூடிய ஆயர் மாமன்றமும் இவ்வழியையே திருச்சபைக்கு எடுத்துக்காட்டியது.

கதிரை அடுக்கவும் கொடி கட்டவும் வாலிபரை அழைக்கிறோம். திருவிழாவைத் திட்டமிடும் கூட்டத்துக்கு அழைக்கிறோமா?

பெற்றோரே, இந்த ஞாயிறு உணவு வேளையில் பிள்ளையிடம் கேளுங்கள்: "கோவிலில் உனக்கு எது பாரமாயிருக்கிறது?" மறுமொழி கசந்தாலும் இடைமறிக்காதீர்கள். அச்சீடர் இருவரும் அன்றிரவே எருசலேமுக்குத் திரும்பினார்கள்.